கோர்ட் உங்கள் குரலைக் கேட்டால்...

பத்திரம் பதியப் போனால் பெருவிரலை வைக்கிறோம். ரேஷன் கடையில் அரிசி வாங்கவும் விரலை வைக்கிறோம். பாங்கில், "கையெழுத்து ஒத்து வரலை, இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றால் போட்டுக் கொடுக்கிறோம். இதிலெல்லாம் நமக்குக் கூச்சமோ பயமோ கிடையாது. ஆனால், "உங்கள் குரலை வந்து கொடுங்கள்" என்று கோர்ட்டிலிருந்து ஒரு காகிதம் வந்தால்? படித்தவர்களுக்கே கை உதறும், இல்லையா?

எங்கள் கொடைக்கானல் மலையில், பெருமாள்மலைப் பக்கத்தில் ஒரு பெண்மணி. மலைப்பூண்டு வியாபாரம் செய்கிறவள். விதைப்பூண்டு வாங்கக் கடன் வாங்கினாள். அசலுக்கு மேல் வட்டி கட்டியும் கடன் தீரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வரும். காதால் கேட்க முடியாத பேச்சு, மிரட்டல். ஒரு நாள் அவள் மகன் அந்தப் பேச்சைப் போனிலேயே பதிவு செய்துவிட்டான். அதை வைத்துக்கொண்டு தைரியமாகப் போலீசில் பிராது கொடுத்தாள். போனில் பேசியதாகச் சொல்லப்பட்ட ஆள், "அது என் குரலே இல்லை" என்று ஒரேயடியாகச் சாதித்தான். அவன் குரலைப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்க்க கோர்ட் உத்தரவிட்டது. அதோடு நிற்கவில்லை. பதிவில் இருக்கிற இன்னொரு குரல் இவளுடையதுதானா என்று பார்க்க, இவளும் வந்து குரல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அவள் அழாத குறையாக என்னிடம் வந்தாள். "அக்கா, பிராது கொடுத்ததே நான். என் குரலை எதுக்குக் கேக்குறாக? என்னையும் குத்தவாளியாக்கப் போறாகளா?"

நான் பத்தாவது வரை படித்தவள். எனக்குச் சட்டம் என்ன தெரியும்? திண்டுக்கல்லில் வக்கீலாக இருக்கும் என் நாத்தனார் மகனை வரவழைத்தேன். அவன் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் விளக்கினான். அதைக் கேட்டபோது, இது அவளுக்கு மட்டும் தேவையான சமாசாரம் இல்லை என்று தோன்றியது. இன்றைக்கு மிரட்டல், வரதட்சிணைப் பேச்சு, மோசடி எல்லாமே போனில்தானே நடக்கிறது? நம் வீட்டுப் பெண்கள் எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அதனால்தான் எழுதுகிறேன். அந்தக் கேஸ் இன்னும் நடப்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் விவரம் எழுத மாட்டேன்.

குரல் வேறு, வாக்குமூலம் வேறு

முதலில் அடிப்படையைப் புரிந்துகொள்வோம். நம் அரசியல் சட்டத்தின் 20-வது பிரிவில் மூன்றாவது உட்பிரிவு ஒன்று இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சியாக இருக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அது. அடித்து உதைத்து, "நான்தான் செய்தேன்" என்று சொல்ல வைக்கக் கூடாது என்பதற்காக நம் பெரியவர்கள் எழுதி வைத்த பாதுகாப்பு.

"அப்படியானால் குரலைக் கொடு என்று கட்டாயப்படுத்துவது மட்டும் நியாயமா?" என்று நான் கேட்டேன்.

"நல்ல கேள்வி அத்தை. இதே கேள்வி கைரேகைக்கும் வந்துச்சு" என்றான் அவன். 1961-ல் காத்தி காலு என்பவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் பதினொரு நீதிபதிகள் உட்கார்ந்து இதை ஆராய்ந்தார்கள். கைரேகை, கையெழுத்து மாதிரி கொடுப்பது சாட்சி சொல்வது ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். தனக்குத் தெரிந்த விஷயத்தை வாய் திறந்து சொல்வதுதான் சாட்சி. விரலின் ரேகை யாருக்கு எதிராகவும் எதையும் சொல்வதில்லை. வேறிடத்தில் கிடைத்த ரேகையோடு ஒப்பிட்டுப் பார்க்க அது ஓர் அளவு, அவ்வளவுதான்.

குரலும் அதைப் போலத்தான். "இன்று வானம் மேகமூட்டமாக இருக்கிறது" என்று ஒருவர் படித்தால், அந்தப் பேச்சில் குற்றமும் இல்லை, ஒப்புதலும் இல்லை. அந்தக் குரலின் கனமும் நெளிவும் மட்டும்தான் வேண்டியது. அவர் என்ன சொன்னார் என்பது முக்கியமில்லை. எப்படி ஒலித்தது என்பதுதான் முக்கியம்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மயக்க ஊசி போட்டு உண்மையை வரவழைப்பது, பொய் கண்டுபிடிக்கும் கருவி, மூளைச் சோதனை, இவற்றைச் சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஏனென்றால் அவை மனசுக்குள் இருப்பதைப் பிடுங்கி எடுப்பவை. குரல் மாதிரி அப்படியில்லை.

சட்டத்தில் இருந்த ஓட்டை

சரி, தத்துவம் புரிந்தது. ஆனால் சட்டப் புத்தகத்தில் "குரல்" என்ற வார்த்தையே வெகுகாலம் இல்லை! 1920-ல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த கைதிகள் அடையாளச் சட்டத்தில் அளவுகள், விரல்ரேகை, கால்ரேகை, போட்டோ என்றுதான் இருந்தது. பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது, டெலிபோன் வீட்டுக்கு வீடு வந்தது. 1980-ல் சட்டக் கமிஷன் தனது 87-வது அறிக்கையில், குரல் மாதிரியையும் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. ஆனால் அது அப்படியே கிடந்தது. 2005-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது கூட, கையெழுத்து மாதிரி வாங்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கொடுத்தார்களே தவிர, குரலைச் சேர்க்கவில்லை.

இந்த ஓட்டை வெளியே தெரிந்தது உத்தரப்பிரதேசத்து வழக்கு ஒன்றில். சகாரன்பூரில் போலீஸ் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் வசூலித்ததாக 2009-ல் புகார். கைப்பற்றிய செல்போனில் இருந்த பேச்சு ரித்தேஷ் சின்ஹா என்பவருடையதுதானா என்று பார்க்க, அவர் குரல் மாதிரி தரவேண்டும் என்று கோர்ட் அழைத்தது. "எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று அவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2012-ல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். இருக்கிற சட்டத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது என்றார் நீதிபதி ரஞ்சனா தேசாய். பார்லிமெண்ட் வெளிப்படையாகச் சட்டம் போடாமல் இப்படிச் செய்யக் கூடாது என்றார் நீதிபதி அஃப்தாப் ஆலம். கடைசியில் 2019 ஆகஸ்டு 2-ம் தேதி மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பார்லிமெண்ட் சட்டம் கொண்டு வரும் வரை, குரல் மாதிரி தரும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று முடிவாயிற்று.

அந்தச் சட்டமும் வந்துவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 349-வது பிரிவில் கையெழுத்து, விரல்ரேகை இவற்றோடு குரல் மாதிரியும் ஏறிவிட்டது. சட்டக் கமிஷன் சொன்னதிலிருந்து கணக்குப் பார்த்தால் 44 வருஷம்!

நம் பக்கத்து வழக்கு ஒன்று

இந்த ஓட்டை அடைபடுவதற்கு முன்பே தமிழ்நாட்டில் எல்லோர் வாயிலும் அடிபட்ட ஒரு குரல் வழக்கு உண்டு. 2018 ஏப்ரலில் அருப்புக்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியை நிர்மலாதேவி மாணவிகளிடம் போனில் பேசியதாக ஒரு ஒலிப்பதிவு வெளியாயிற்று. பெண் குழந்தைகளைப் படிக்க அனுப்பியிருந்த தாய்மார்கள் அதைக் கேட்டுப் பதறிப் போனோம். சி.பி.சி.ஐ.டி. போலீசார் கோர்ட் அனுமதி பெற்று, அந்த ஜூன் மாதம் அவரைச் சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்கு அழைத்துச் சென்று குரலைப் பதிவு செய்தார்கள். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அவரோடு குற்றம் சாட்டப்பட்ட இன்னும் இரண்டு பேரை விடுதலை செய்தது.

அந்த வழக்கு வெளியே வந்ததே அந்த ஒலிப்பதிவால்தான். அதை அழிக்காமல் வைத்திருந்தது எவ்வளவு பெரிய காரியம் பாருங்கள்.

சாட்சியும் கொடுக்க வேண்டுமா?

இப்போது பெருமாள்மலைப் பெண்மணியின் கேள்விக்கு வருவோம். குற்றம் சாட்டப்பட்டவன் கொடுக்கட்டும், பிராது கொடுத்தவளும் சாட்சியும் ஏன் கொடுக்க வேண்டும்?

புதுச் சட்டத்தில் "எந்த நபரும், குற்றம் சாட்டப்பட்டவர் உட்பட" என்று எழுதியிருக்கிறது. இதன் அர்த்தத்தை 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. மேற்கு வங்கத்தில் 2021-ல் 25 வயதுத் திருமணமான பெண் ஒருத்தி இறந்து போனாள். அந்த வழக்கில் ஒரு சாட்சியை மிரட்டியதாகச் சொல்லப்பட்டவரின் குரல் மாதிரியைப் போலீஸ் கேட்டது. கல்கத்தா ஹைகோர்ட் கூடாது என்று சொன்னதை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. குற்றவாளியோ, சாட்சியோ, யாராக இருந்தாலும் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்றது.

ஆகவே, குரல் கேட்டுக் காகிதம் வந்துவிட்டால் நம்மைக் குற்றவாளி என்று நினைக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. யோசித்துப் பாருங்கள். பதிவில் இருக்கிற ஒரு குரல் பிராது கொடுத்தவளுடையது என்று நிரூபணமானால், அது அவளுக்குத்தானே பலம்? "இது யாரோ இருவர் நடித்த நாடகம்" என்று எதிர்க்கட்சி வக்கீல் சொல்ல முடியாமல் போகும் அல்லவா?

எப்படி எடுக்கிறார்கள்?

நம் தொண்டையில் குரல்வளைக்குள் இரண்டு சிறிய மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்பார்கள். பேசும்போது இவை அதிரும். ஆண்களுக்கு விநாடிக்குச் சுமார் 100 முதல் 120 தடவை, பெண்களுக்குச் சுமார் 200 தடவை. அந்த அதிர்வு தொண்டை, வாய், மூக்கு வழியாக வரும்போது அவரவர் உடம்பின் அமைப்புக்கு ஏற்றபடி நிறம் மாறுகிறது. அதோடு, பிறந்து வளர்ந்த ஊர்ப் பேச்சும், இழுத்துப் பேசுவதும் விழுங்கிப் பேசுவதும் சேர்ந்து கொள்கின்றன. நிபுணர்கள் காதாலும் கேட்கிறார்கள், கம்ப்யூட்டரில் படமாகவும் வரைந்து பார்க்கிறார்கள்.

பெருமாள்மலைப் பெண்மணி போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அமைதியான ஓர் அறையில் உட்கார வைத்து, ஒரு காகிதத்தில் இருந்ததைச் சாதாரணமாகப் பேசுகிற மாதிரி சில தடவை சொல்லச் சொன்னார்களாம். "பூண்டு, தவணை, வட்டி, சனிக்கிழமைன்னு அன்னிக்கிப் பேசின வார்த்தைகளெல்லாம் அங்கங்கே இருந்துச்சுக்கா. ஆனா அந்தப் பேச்சு இல்லை. வேற ஏதோ கதை மாதிரி இருந்துச்சு" என்றாள்.

அதற்கும் காரணம் இருக்கிறது. 2016-ல் டில்லி வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. சந்தேகத்துக்குரிய பேச்சில் உள்ள வார்த்தைகள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவை என்பதால் அவற்றைச் சேர்க்கலாம். ஆனால் அந்த வாக்கியங்களை அப்படியே படிக்க வைக்கக் கூடாது. "உன்னைக் கொன்றுவிடுவேன்" என்று பதிவில் இருந்தால், அதையே ஒருவனைச் சொல்ல வைத்துப் பதிவு செய்தால் அது ஒப்புதல் மாதிரி ஆகிவிடும் இல்லையா?

எங்கள் ஊரில் மார்கழிப் பனியில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும். அப்படி இருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். ஜலதோஷம் மூக்கொலியை மாற்றும். தொண்டைக் கட்டு குரலைக் கரகரப்பாக்கும். டாக்டர் சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். வேறு தேதி கேட்கலாம். வேண்டுமென்றே குரலை மாற்றிப் பேசப் பார்க்காதீர்கள். பல தடவை சொல்ல வைப்பதால் அது நிபுணர்களுக்குத் தெரிந்து போகும்.

கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

கூடாது. குரலைக் கைரேகைக்குச் சமமாகச் சொல்கிறவர்கள் உண்டு. 1962-ல் அமெரிக்காவில் லாரன்ஸ் கெர்ஸ்டா என்பவர் "குரல்ரேகை" என்றே பெயர் வைத்தார். ஆனால் 1979-ல் அந்நாட்டு விஞ்ஞான அகாதமியின் குழு ஆராய்ந்து, மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டது. விரல்ரேகை ஆயுசுக்கும் மாறாது. குரலோ வயதோடு, வியாதியோடு, கோபத்தோடு, அழுகையோடு மாறுகிறது. சாதாரண டெலிபோன் லைன், குரலில் 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகளைத்தான் கடத்தும். மீதி வழியிலேயே போய்விடும்.

இப்போது புதிதாக ஒரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. சில விநாடிப் பேச்சு கிடைத்தாலே கம்ப்யூட்டர் அதே குரலில் பேசிக் காட்டுகிறது! "அம்மா, நான் விபத்தில் மாட்டிக்கிட்டேன், பணம் அனுப்பு" என்று மகன் குரலிலேயே மோசடி நடக்கிறது.

ஆகையால் குரல் ஒத்துப் போவதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. பேச்சுப் பதிவை ஏற்க என்னென்ன வேண்டும் என்று 1985-ல் ராம் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. பேசுகிறவர் யார் என்பது நிச்சயமாகத் தெரிய வேண்டும். பதிவில் வெட்டு, ஒட்டு இருக்கக் கூடாது. சீல் வைத்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும்.

மனசில் வைத்துக்கொள்ளுங்கள்

* குரல் மாதிரி தரும்படி கட்டாயப்படுத்தும் அதிகாரம் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்குத்தான் உண்டு. போலீசார் தாமாகக் கட்டாயப்படுத்த முடியாது. உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த வழக்கு, எந்த இடம், எந்த நேரம் என்று பாருங்கள்.

* அந்த விசாரணையில் கைது செய்யப்படாத ஒருவரிடம் கேட்டால், ஏன் கேட்கிறோம் என்ற காரணத்தை மாஜிஸ்திரேட் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

* சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். ஆனால் குரல் மாதிரிக்கு, கோர்ட் குறித்த இடத்துக்கு நாம் போக வேண்டும். இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

* "போலீஸ் பேசுகிறோம், குரல் மாதிரி வேண்டும், போனிலேயே பேசுங்கள்" என்று எவனாவது சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். அது மோசடி. பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதிக்காமல் சொல்லுங்கள்.

* மிரட்டல் போன் வந்தால் பதிவை அழிக்காதீர்கள். தேவையில்லாத பகுதி என்று வெட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருங்கி, தரம் குறைந்த நகலாகிவிடக்கூடும். பதிவான அதே போனைப் பத்திரமாக வையுங்கள். தேதி, நேரம், வந்த எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

* கோர்ட்டில் பதிவைக் கொடுக்கும்போது, சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழும் சேர வேண்டும். வக்கீலிடம் இதை நினைவுபடுத்துங்கள். போனைப் போலீஸ் எடுத்துக்கொண்டால் அதற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

* பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 1987-ம் வருஷத்துச் சட்டம் இதைக் கொடுத்திருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அவசர உதவிக்குப் பெண்களுக்கான 181 இருக்கிறது.

பூம்பாறையிலும் மன்னவனூரிலும் தாண்டிக்குடியிலும் இருக்கும் பெண்கள் வக்கீலைப் பார்க்கக் கொடைக்கானலுக்கோ வத்தலக்குண்டுக்கோ பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். அதனாலேயே, "எதுக்கு வம்பு" என்று பல பேர் மிரட்டலைப் பொறுத்துக்கொண்டு பதிவை அழித்துவிடுகிறார்கள். கோர்ட்டில் குரல் கேட்பார்களாம் என்ற பயமும் அதோடு சேர்ந்துவிட்டால், மிரட்டுகிறவனுக்குத்தான் கொண்டாட்டம்!

சகோதரிகளே, கோர்ட் நம் குரலைக் கேட்பது நம் வாயை அடைப்பதற்கு அல்ல. யார் பேசினார்கள் என்று தெரிந்துகொள்வதற்கு. உத்தரவைப் படித்துப் பாருங்கள், வக்கீலைக் கேளுங்கள், தைரியமாகப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். தப்புச் செய்யாதவளுக்குத் தன் குரலால் கெடுதல் வராது என்பதை நிச்சயப்படுத்தத்தான் இத்தனை விதிகளும். அந்த விதிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கவனிக்க வேண்டியது மட்டும் நம் பொறுப்பு.